பாப்பா கண்ணுல தண்ணியா? பாட்டிலை மூடுங்க, விரலைக் கழுவுங்க

இழை கொஞ்சம் நீளம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முழுசா படிங்க. இல்லேன்னா, உங்க தெருவில் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அனுப்பிடுங்க.

அண்ணனூர்ல இருந்து ஆவடி வரைக்கும் எந்த மெடிக்கல் ஷாப்பில் வேணும்னாலும் சாயங்காலம் அரை மணி நேரம் நின்னு பாருங்க. "அண்ணே, பாப்பாவுக்கு ஒரு கண்ணுல தண்ணியா ஊத்துது, காலையில பீளை ஒட்டிக்குது, ஒரு டிராப்ஸ் குடுங்க"ன்னு ஒருத்தராவது கேட்பாங்க. குழந்தைக்கு எத்தனை மாசம்னு கடைக்காரர் கேட்கமாட்டார். ஒரு பாட்டில் வரும், காசு போகும். பத்து நாள் கழிச்சு அதே குழந்தைக்கு வேற பாட்டில்.

என் வாதம் இதுதான்: இந்தப் பாட்டில்களில் பெரும்பாலானவை தேவையே இல்லை. சிலது ஆபத்து. இந்தப் பிரச்சினைக்கான உண்மையான வைத்தியம் அம்மாவின் ஆள்காட்டி விரலில் இருக்கு. அதை யாரும் சொல்லிக் கொடுக்கறதில்லை. கடைக்காரர் மட்டும் இல்லை, எங்க ஆளுங்களும்தான்.

முதல்ல கண்ணீர் எங்கே போகுதுன்னு பார்ப்போம். அழும்போது மட்டும்தான் கண்ணீர் வருதுன்னு நினைக்கிறோம். இல்லை, நாள் முழுக்கச் சுரந்துகிட்டே இருக்கு. மேல் இமை, கீழ் இமை ரெண்டிலும் மூக்குப் பக்கத்து ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை இருக்கும். கண்ணாடி முன்னாடி நின்னு உங்க கீழ் இமையை லேசா இழுத்துப் பாருங்க, தெரியும். அந்த ஓட்டை வழியா கண்ணீர் உள்ளே போய், மூக்கை ஒட்டின ஒரு சின்னப் பையில் சேர்ந்து, அங்கிருந்து ஒரு குழாய் வழியா மூக்குக்குள்ள இறங்கும். அழுதா மூக்கு ஒழுகுறதும், கண்ணுக்கு மருந்து விட்டா தொண்டையில் கசக்கிறதும் இதனாலதான்.

அந்தக் குழாயின் அடிமுனையில், மூக்குக்குள்ள திறக்கிற இடத்தில், ஒரு மெல்லிய சவ்வு. பிறக்கும்போது அது திறந்திருக்கணும். நிறைய குழந்தைங்களுக்கு அப்போ திறந்திருக்காது, கொஞ்சம் தாமதமாகும். அவ்வளவுதான் விஷயம். கிருமி இல்லை, சூடு இல்லை, அம்மா சாப்பிட்ட மாங்காய் இல்லை, யார் கண்ணும் பட்டதும் இல்லை.

வடிய வழியில்லாத தண்ணி கண்ணுல தேங்கும், கன்னத்தில் வழியும். தேங்கின தண்ணியில் கிருமி சேரும், பீளை வரும், தூங்கி எழுந்தா இமை ஒட்டிக்கும். பிறந்து ரெண்டு மூணு வாரத்தில் ஆரம்பிக்கும். ஒரு கண்ணுல இருக்கலாம், ரெண்டிலும் இருக்கலாம். சளி பிடிச்சா அதிகமாகும். முக்கியமான அடையாளம்: கண்ணின் வெள்ளை வெள்ளையாவே இருக்கும். குழந்தை விளையாடும், வெளிச்சத்தைப் பார்க்கும், பால் குடிக்கும்.

இதைத்தான் நம்ம ஊர்ல "மெட்ராஸ் ஐ"ங்கிறாங்க. மெட்ராஸ் ஐ வேற நோய். 1918-ல் இந்த ஊரில் பரவி, எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் அடையாளம் கண்டதால வந்த பேர் அது. கண் ரத்தச் சிவப்பா இருக்கும், வீட்டில் ஒருத்தருக்கு வந்தா வரிசையா எல்லாருக்கும் வரும், ஒண்ணு ரெண்டு வாரத்தில் போயிடும். மூணு மாசமா ஒரே குழந்தைக்கு ஒரே கண்ணுல மட்டும் நீர் வடிஞ்சா அது மெட்ராஸ் ஐ இல்லைங்க.

இது எத்தனை பேருக்கு வரும்? பிரிட்டனில் மெக்கீவன், யங் என்ற ரெண்டு மருத்துவர்கள் 4,792 குழந்தைகளைக் கவனிச்சு 1991-ல் எழுதினாங்க. முதல் வருஷத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்கு இந்த மாதிரி நீர் வடிதல் இருந்தது. அதில் 96 சதவீதம் பேருக்கு ஒரு வயசுக்குள்ள தானாவே சரியாயிடுச்சு.

அந்த 96-ஐ கொஞ்சம் யோசிங்க. எந்த வைத்தியம் செஞ்சாலும், செய்யாட்டாலும், நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல சரியாகப் போகிற ஒரு விஷயம் இது. அதனால கடைசியா யார் என்ன செஞ்சாங்களோ அவங்களுக்குப் பேர் போயிடும். மூணாவது பாட்டில் போட்டப்போ சரியாச்சா, அந்த டிராப்ஸ் சூப்பர். நந்தியாவட்டைப் பூ ஒத்தினப்போ சரியாச்சா, பூ சூப்பர். காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை. ஆனா காக்காவுக்கு மார்க்கெட்டிங் கிடையாது, டிராப்ஸுக்கு இருக்கு.

"டாக்டர், டிராப்ஸ் போட்டா நிக்குது. விட்டா திரும்ப வருது. அப்போ தொடர்ந்து போடலாமா?" வாரத்துக்கு நாலு பேர் கேட்கிற கேள்வி இது.

நம்ம பகுதியில் டிசம்பர் மழைக்கு என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். கால்வாய் அடைச்சுக்கும், தெருவில் தண்ணி நிக்கும், நாத்தம் வரும். ஒருத்தர் வந்து பிளீச்சிங் பவுடர் தூவிட்டுப் போவார். நாத்தம் ரெண்டு நாள் குறையும். தண்ணி வடியுமா? மூணாம் நாள் திரும்ப நாத்தம். அதுக்காக பிளீச்சிங் பவுடரை தினமும் தூவுவீங்களா, கால்வாய் அடைப்பை எடுக்கச் சொல்லுவீங்களா? ஆன்டிபயாடிக் டிராப்ஸ் அந்த பிளீச்சிங் பவுடர். கிருமியைக் குறைக்கும், பீளை குறையும், சவ்வைத் திறக்காது. "விட்டா திரும்ப வருது"ங்கிறதே அது வைத்தியம் இல்லைங்கிறதுக்கு நீங்க எனக்குக் குடுக்கிற சாட்சி.

ஆன்டிபயாடிக் டிராப்ஸே கூடாதுன்னு நான் சொல்லலை. பீளை கெட்டியா, மஞ்சள் பச்சையா, நாள் முழுக்க வந்து, கண் சிவந்தா ஒரு வாரம் போல எழுதுவோம். பார்த்துட்டு எழுதுவோம். முடிஞ்சதும் நிறுத்துவோம். மாசக்கணக்கில் போடுற பொருள் இல்லை அது. (அக்காவுக்கு போன வருஷம் வாங்கினது ஃபிரிட்ஜில் இருக்குன்னு எடுத்து விடுறதும் வேண்டாம். சொட்டு மருந்து திறந்து ஒரு மாசம் ஆச்சுன்னா குப்பைத் தொட்டிக்குத்தான்.)

ஆபத்தான பாட்டிலுக்கு வரேன்.

கடையில் கேட்டு வாங்குற கண் மருந்துகளில் நிறைய, ஆன்டிபயாடிக்கோட ஸ்டீராய்டும் கலந்தது. ஸ்டீராய்டு சிவப்பை சட்டுனு குறைக்கும், கண் பளிச்னு ஆகும், வாடிக்கையாளருக்கு சந்தோஷம், அதனால கடைக்காரருக்கு அதுதான் முதல்ல கைக்கு வரும். கண் மருத்துவர் தேவையான நோய்க்கு, தேவையான நாள், அழுத்தம் அளந்து பார்த்துக் குடுக்கும்போது அது அருமையான மருந்து. அதே மருந்தை ஒரு கைக்குழந்தைக்கு அளவு தெரியாம வாரக்கணக்கா விட்டா கண்ணுக்குள்ள நீர் அழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம். பெரியவங்களைவிடக் குழந்தைங்க கண்ணுல இந்த அழுத்தம் சீக்கிரமாவும் அதிகமாவும் ஏறும். ஏறின அழுத்தம் வெளியே தெரியாது, வலிக்குதுன்னு குழந்தை சொல்லாது. பார்வை நரம்பு அரிச்சுட்டா திரும்பக் கொண்டுவர உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியாலும் முடியாது.

போன மாசம் ஒரு எட்டு மாசக் குழந்தை வந்தது. அம்மா பையில் மூணு பாட்டில். மூணும் வெவ்வேறு பேர், மூணும் சீட்டில்லாம வாங்கினது, அதில் ரெண்டுல டெக்சாமெத்தசோன். அஞ்சு வாரமா விட்டிருக்காங்க. கண்ணுல இருந்ததோ சாதாரண அடைப்பு. மயக்கம் கொடுத்து அழுத்தம் அளக்க அனுப்ப வேண்டியதாச்சு. நல்லவேளை, அழுத்தம் சரியா இருந்தது. எல்லாருக்கும் அந்த நல்லவேளை அமையாது.

உங்க வீட்டு பாட்டிலை இப்பவே எடுத்துப் பாருங்க. பெரிய எழுத்தில் இருக்கிற கம்பெனிப் பேரை விட்டுடுங்க, கீழே பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பேரைப் படிங்க. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன், ஃபுளூரோமெத்தலோன். "சோன்", "லோன்"னு முடிஞ்சா பெரும்பாலும் ஸ்டீராய்டு. கைக்குழந்தைக்கு அதை கண் மருத்துவர் எழுதலைன்னா விடாதீங்க. ஏற்கெனவே வாரக்கணக்கா விட்டிருந்தா, பாட்டிலையும் எடுத்துக்கிட்டு கண் மருத்துவரைப் பார்த்து அழுத்தம் அளக்கணுமான்னு கேளுங்க.

இதெல்லாம் ஷெட்யூல் எச் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு லேபிளிலேயே அச்சடிச்சிருக்கும். 1945-ம் வருஷத்து மருந்து விதிகள். சட்டம் இருக்கு, லேபிள் இருக்கு, கடைப் பலகையில் பார்மசிஸ்ட் பேரும் இருக்கு, கவுன்டரில் அவர் மட்டும் பல நேரம் இருக்கமாட்டார். கடைக்காரர் மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. ராத்திரி பத்து மணிக்கும் திறந்திருக்கிறது அவர்தான், கடன் சொன்னாலும் குடுக்கிறது அவர்தான். ஆனா அண்ணே, குழந்தைக்கு ஒரு வயசுக்குள்ளேன்னு சொன்னா, "டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க"ன்னு சொல்றதுக்கு உங்களுக்கு என்ன நஷ்டம்? ஒரு பாட்டில் லாபம். அவ்வளவுதானே?

எங்க ஆளுங்க பக்கம் வரேன். டிராப்ஸ் எழுத அரை நிமிஷம் போதும். விரலைப் பிடிச்சு மசாஜ் சொல்லிக் கொடுக்க அஞ்சு நிமிஷம் வேணும். வெளியே நாற்பது பேர் டோக்கனோட உட்கார்ந்திருக்காங்க. மருந்து எழுதாத டாக்டரை "ஒண்ணுமே குடுக்கலை, ஃபீஸ் மட்டும் வாங்கிட்டார்"னு நீங்களும் சொல்றீங்க. அதனால சீட்டில் ஒரு டிராப்ஸ், அதுக்குக் கீழே கிறுக்கலா "மசாஜ்"னு ஒரு வார்த்தை. அதை எங்கே, எப்படி, எத்தனை தடவைன்னு யாரும் சொல்லமாட்டாங்க. அம்மா வீட்டுக்குப் போய் கன்னத்தைத் தடவுவாங்க. சிலர் இமையைத் தேய்ப்பாங்க. மூணு மாசம் கழிச்சு "மசாஜ் பண்ணோம் டாக்டர், கேட்கலை"ன்னு வருவாங்க. விரலுக்கு எம்.ஆர்.பி. கிடையாது, அதுக்காக எந்த மெடிக்கல் ரெப்பும் என் கிளினிக் படி ஏறமாட்டார்.

சரி, இங்கே சொல்லிடறேன். 1923-ல் கிரிக்ளர் என்ற அமெரிக்க கண் மருத்துவர் எழுதின முறை. நூறு வருஷம் ஆச்சு, இன்னும் இதுதான் முதல் வைத்தியம். வெறுமனே தடவுறதைவிட, ஒண்ணுமே செய்யாம விடுறதைவிட, இந்த அழுத்தும் முறையில் அதிகம் குழந்தைங்களுக்கு அடைப்பு திறக்குதுன்னு 1982-ல் கஷ்னர் ஒப்பிட்டுக் காட்டினார்.

நகத்தை ஒட்ட வெட்டுங்க. கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. கொதிச்சு ஆறின தண்ணியில் பஞ்சை நனைச்சு பீளையைத் துடைங்க, ஒரு தடவை துடைச்ச பஞ்சைத் திரும்பப் பயன்படுத்தாதீங்க.

இப்போ இடம். கண்ணின் உள் ஓரமும் மூக்கெலும்பும் சேர்ற மூலை. கண்ணின் மேலும் இல்லை, கன்னத்திலும் இல்லை, மூக்குத் தண்டிலும் இல்லை. முதல்ல உங்க மேலயே தொட்டுப் பாருங்க. விரல் நுனி எலும்பில் ஒரு சின்னப் பள்ளத்தில் உட்காரும். பை அங்கேதான் இருக்கு. குழந்தைக்கு அந்த இடத்தில் ஆள்காட்டி விரல் நுனியை வைச்சு அழுத்தினா, கண் ஓரத்தில் கொஞ்சம் தண்ணியோ பீளையோ எட்டிப் பார்க்கும். வந்தா இடம் சரி. பயப்படாதீங்க, தேங்கினதுதான் வருது. துடைச்சிடுங்க.

அப்புறம் அதே இடத்தில் அழுத்தி, அழுத்தத்தை விடாம, மூக்கை ஒட்டி கீழ்நோக்கி இழுங்க. மேலிருந்து கீழே மட்டும். எவ்வளவு அழுத்தணும்? உங்க நகம் லேசா வெளுக்கிற அளவு. பூவைத் தொடுற மாதிரி தொட்டா பிரயோஜனம் இல்லை. பைக்குள்ள இருக்கிற தண்ணியை கீழே தள்ளி, அந்த வேகத்தில் சவ்வு திறக்கணும், அதான் கணக்கு. ஒரு தடவைக்கு பத்து இழுப்பு, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. பால் குடுக்கும்போது செய்யுங்க, குழந்தை அசையாது, உங்களுக்கும் மறக்காது. முதல் தடவை உங்க டாக்டர் முன்னாடி செஞ்சு காட்டி, சரியான்னு கேளுங்க. "மசாஜ் பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்பினா எழுந்திருக்காதீங்க. செஞ்சு காட்டச் சொல்றது உங்க உரிமை.

இதை ஒரு வாரம் செஞ்சுட்டு விட்டுடாதீங்க. மாசக்கணக்கில் செய்யணும். வேலைக்குப் போற அம்மான்னா பகல்ல ஆயா செய்யட்டும். குளிப்பாட்டுறதில், கால் கை நீவுறதில் நம்ம ஆயாக்கள் விரலுக்கு இருக்கிற பக்குவம் எனக்குக்கூட இல்லை.

ஆனா ஆயாகிட்ட மரியாதையா ஒண்ணு சொல்லணும். கண்ணுக்குள்ள தாய்ப்பால் பீய்ச்ச வேண்டாம். அது வயித்துக்கு அமிர்தம், அடைப்பைத் திறக்காது, தேங்கின இடத்தில் இன்னொரு திரவம் சேரும், அவ்வளவுதான். விளக்கெண்ணெய், பன்னீர், நந்தியாவட்டைச் சாறு, தேன் எதுவும் வேண்டாம். கண் மை வேண்டவே வேண்டாம். திருஷ்டிக்குப் பொட்டு வைக்கணும்னா கன்னத்தில் வைங்க, நெத்தியில் வைங்க, நான் குறுக்கே வரமாட்டேன். இமைக்குள்ள தீட்டாதீங்க.

இவ்வளவு நேரம் "பொறுங்க, தானா சரியாகும்"னு சொன்னேன். இப்போ பொறுக்கக் கூடாத குழந்தைங்களைச் சொல்றேன். வாட்ஸ்அப்பில் "ஒரு வயசு வரைக்கும் கவலை வேண்டாம்"னு சுத்துற மெசேஜும் கண் மருந்து பாட்டில் அளவுக்கு ஆபத்து, ஏன்னா அது இந்தப் பகுதியைச் சொல்றதில்லை.

கண்ணுல தண்ணி வருது, கூடவே குழந்தை வெளிச்சத்தைப் பார்த்தா கண்ணை இறுக மூடிக்குது, அம்மா தோளில் முகத்தைப் புதைச்சுக்குது, கருவிழி பெரிசா இருக்கு, அல்லது பளபளப்பு இல்லாம புகை படிஞ்ச மாதிரி இருக்கு. இது அடைப்பு இல்லை. பிறவி கண் நீர் அழுத்த நோயா இருக்கலாம். சொந்தக்காரங்க வந்து "கண்ணு எவ்வளவு பெரிசு, எவ்வளவு அழகு"ன்னு கொஞ்சிட்டுப் போவாங்க. மருத்துவத்தில் அதுக்குப் பேரே மாட்டுக்கண். பக்கத்து ஆந்திராவில் 3,300 பிறப்புக்கு ஒண்ணுன்னு கணக்கு, மேலை நாடுகளைவிட இங்கே அதிகம். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இன்னும் கவனமா இருக்கணும். இதுக்கு மசாஜ் இல்லை, ஆபரேஷன்தான், அதுவும் சீக்கிரம். "அடைப்புதான், சரியாயிடும்"னு ஆறு மாசம் கடத்தினா பார்வை போயிடும். நீர் வடிதல்னு வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தடவையாவது டார்ச் அடிச்சு கருவிழியைப் பார்க்காத டாக்டர்மேல எனக்குக் கோபம் வர்றதுக்குக் காரணம் இதுதான்.

பிறந்து ஒரு மாசத்துக்குள்ள, முக்கியமா முதல் சில நாட்களில், இமை வீங்கி சீழ் கொட்டினா அன்னைக்கே ஆஸ்பத்திரி. பிரசவத்தின்போது தொத்திய கிருமியா இருக்கலாம், கருவிழியையே அரிச்சிடும். பிறந்த குழந்தைக்கு கண் ஓரத்தில் நீலமா ஒரு வீக்கம் இருந்தாலும் உடனே காட்டணும். அது மூக்குக்குள்ளயும் இறங்கி மூச்சை அடைக்கலாம், பச்சைக் குழந்தைங்க மூக்காலதான் மூச்சு விடுறாங்க. கண் ஓரம் சிவந்து, வீங்கி, தொட்டா அழுது, காய்ச்சலும் வந்தா பையே சீழ் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அப்போ மசாஜ் செய்யாதீங்க. அழுத்தாம கிளம்புங்க.

இது எதுவும் இல்லை, மசாஜ் ஒழுங்கா செஞ்சும் ஒரு வயசு தாண்டியும் நீர் வடிஞ்சா? அப்போ புரோபிங். மெல்லிய கம்பியை அந்த ஊசிமுனை ஓட்டை வழியா விட்டு, அடியில் இருக்கிற சவ்வைத் திறக்கிறது. கண்ணைக் குத்துறது இல்லைங்க, கண்ணுக்குள்ள எதுவும் போகாது. கத்தி இல்லை, தையல் இல்லை. சில நிமிஷ வேலை. குழந்தை அசையக் கூடாதுன்னுதான் மயக்க மருந்து. அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செஞ்சு 2008-ல் வெளியான ஆய்வில், ஆறு மாசத்தில் இருந்து நாலு வயசுக்குள்ள இருந்த குழந்தைங்களுக்கு முதல் புரோபிங்கிலேயே 78 சதவீதம் வெற்றி. மீதிப் பேருக்குத் திரும்பச் செய்வாங்க, இல்லேன்னா சிலிகான் குழாய் வைப்பாங்க.

ஆறு, ஏழு மாசத்திலேயே செஞ்சிடலாம்னு சொல்ற மருத்துவர்களும் இருக்காங்க. தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா அதே ஆய்வுக் குழு, ஆறுல இருந்து பத்து மாசக் குழந்தைங்களில் ஒரு பிரிவை மசாஜோட ஆறு மாசம் காத்திருக்க வைச்சப்போ, 66 சதவீதம் பேருக்கு அடைப்பு தானா திறந்துடுச்சு. மூணில் ரெண்டு குழந்தைக்கு மயக்க மருந்தே தேவைப்படலை. அதனாலதான் நான் ஒரு வயசு வரைக்கும் மசாஜ் பக்கம் நிக்கிறேன். அதே சமயம் ஒரு வயசுக்கு அப்புறம் "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், மொட்டை போட்டுட்டு, காது குத்திட்டு, தீபாவளி போகட்டும்"னு மூணு வயசு வரைக்கும் இழுக்கிற பக்கம் நான் இல்லை.

எங்கே போறது? எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி, 1819-ல் தொடங்கினது, ஆசியாவிலேயே பழைய கண் ஆஸ்பத்திரி. கண் நீர் அழுத்தத்துக்கு எலியட் என்பவர் உலகத்துக்கே ஒரு ஆபரேஷன் முறையைக் குடுத்தது நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்கேதான். அண்ணனூர்ல லோக்கல் ஏறி மூர்மார்க்கெட்டில் இறங்கி, ரோட்டைக் கடந்தா பார்க் ஸ்டேஷன், அடுத்த நிறுத்தம் எழும்பூர். காசு வாங்கமாட்டாங்க. காலையிலேயே போயிடுங்க, ஓ.பி. சீட்டுக்கு வரிசை இருக்கும். பூந்தமல்லி பக்கம் இருக்கிறவங்களுக்கு நூம்பலில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி கிட்ட. எங்கே போனாலும் குழந்தை கண் மருத்துவர் இருக்காரான்னு கேட்டுட்டுப் போங்க. இதுவரை விட்ட பாட்டில் எல்லாத்தையும், காலியா இருந்தாலும், பையில் போட்டு எடுத்துக்கிட்டுப் போங்க.

கமென்ட்டில் குழந்தை கண் போட்டோ போட்டு "என்ன டிராப்ஸ் விடலாம் டாக்டர்"னு கேட்காதீங்க. சொல்லமாட்டேன். எத்தனை மாசம், எந்தக் கண், வெளிச்சத்துக்குக் கண்ணை மூடுதான்னு எழுதுங்க. எந்த ஆஸ்பத்திரிக்கு, எவ்வளவு அவசரமா போகணும்னு மட்டும் சொல்றேன்.